மறக்கும் நினைவகத்திற்கு ஒரு காவல்

மனிதன் மறப்பான், கணினி மறவாது என்பது பொதுமக்களிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். உண்மை அவ்வாறன்று. இன்று உலகெங்கும் இயங்கும் கணினிகளுள் மிகப் பெரும்பாலானவற்றின் முதன்மை நினைவகம், ஒரு செக்கனின் சிறு கூறளவு நேரம் கவனிப்பாரற்று விடப்படுமாயின், மின்சாரம் தடையின்றி வந்துகொண்டிருந்தபோதும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை இழக்கத் தொடங்கும் இயல்புடையது. அந்த நேரம் கழியுமுன் அதிலுள்ளதை வாசித்து, வாசித்ததை அவ்விடத்திலேயே மீண்டும் எழுதிவைத்தல் வேண்டும். இரவும் பகலும் இவ்வேலை ஓயாது நடைபெறுவதனாலேயே கணினி மறவாப் பொறியாகத் தோற்றமளிக்கின்றது. இவ்வேலையைச் செய்யும் பொறுப்பு யாருடையது, அதனை எந்த நேரத்திற் செய்வது என்னும் இரு வினாக்களுக்கு, நுண்முறைவழியாக்கிகள் தோன்றிய 1970ஆம் ஆண்டுகளிற் பொறியியலாளர் கண்ட விடைகள் அறிந்து பயன்பெறத் தக்கவை.

நினைவைப் புதுப்பித்துக் காக்கும் முறை அக்காலத்தில் திடீரெனத் தோன்றியதன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் 1939ஆம் ஆண்டுக்கும் 1942ஆம் ஆண்டுக்கும் இடையில் ஜோன் அற்றனசொவ் என்பவரும் அவருடைய மாணவர் கிளிபேட் பெரியும் ஒரு கணிப்புப் பொறியை அமைத்தனர். அப்பொறியிற் சுழலும் உருளைகள் இருந்தன. அவற்றுட் பதிக்கப்பட்ட கொள்ளளவிகளில் எண்கள் மின்னேற்றமாகச் சேமிக்கப்பட்டன. மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துபோகும் என்பதை அறிந்த அவர்கள், உருளை செக்கனுக்கு ஒரு முறை சுழலும்போதெல்லாம் ஒவ்வொரு கொள்ளளவியும் வாசிக்கப்பட்டு மீள ஏற்றப்படுமாறு செய்திருந்தனர். இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் பிரெட்ரிக் வில்லியம்ஸ், ரொம் கில்பேண் ஆகியோர் கதோட்டுக் கதிர்க் குழாயின் திரையிலே மின்னேற்றப் புள்ளிகளாக எண்களைச் சேமித்தனர். அப்புள்ளிகளும் ஒரு செக்கனுக்குக் குறைந்த நேரத்தில் மங்கிவிடுவன. இடைவிடாது வாசித்தும் எழுதியும் அவற்றைக் காத்தே, 1948ஆம் ஆண்டு யூன் 21ஆந் திகதி, தன் நினைவகத்திற் சேமித்த கட்டளைத் தொடரொன்றை அவர்களுடைய பொறி முதன்முறையாக நிறைவேற்றியது.

பின்னர் வந்த காந்த வளைய நினைவகங்களுக்கு இக்கவலை இருக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை தாம் அறிந்ததை விட்டுவிடா. ஆயினும், ஒவ்வொரு வளையத்தினூடும் நுண்ணிய கம்பிகளைக் கோத்து அவற்றை ஆக்குவது கடினமும் செலவும் மிக்க தொழில். சிலிக்கன் சில்லிலே நினைவகத்தை மலிவாக ஆக்கலாகாதோ என்னும் ஆராய்ச்சி 1960ஆம் ஆண்டுகளில் முனைப்புற்றது. ஐ.பி.எம். நிறுவனத்தில் அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர்களுள் ஒருவர் றொபேட் டெனாட் என்பவர். அவருடைய குழுவினர் ஒரு பிற்றைச் சேமிப்பதற்கு ஆறு திரான்சிற்றர்களைப் பயன்படுத்தி வந்தனர். 1966ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மெல்லிய காந்தப் படலங்களை ஆராய்ந்த வேறொரு குழுவினரின் விளக்கவுரையைக் கேட்ட டெனாட், அவர்களது அமைப்பின் எளிமையைக் கண்டு, தம் அமைப்பு ஏன் இத்துணைச் சிக்கலாக இருத்தல் வேண்டும் எனச் சிந்திக்கலானார். அச்சிந்தனையின் பயனாக, ஒரேயொரு திரான்சிற்றரும் ஒரேயொரு கொள்ளளவியும் ஒரு பிற்றைச் சேமிக்கப் போதும் என்னும் கருத்து உருவாயிற்று. அதற்கான காப்புரிமை 1968ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டிற் காலமான டெனாட்டின் இக்கருத்தே இன்றுவரை நினைவகத் தொழிலின் அத்திவாரமாக விளங்குகின்றது.

இவ்வமைப்பை ஒரு குடத்துக்கும் அதன் மூடிக்கும் ஒப்பிடலாம். கொள்ளளவி குடம், திரான்சிற்றர் மூடி. குடத்தில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று எனவும், இல்லையாயிற் பூச்சியம் எனவும் கொள்வர். ஆனால் இக்குடம் பொத்தலுள்ள குடம். அதில் அடங்குவது ஏறக்குறையப் பத்து இலட்சம் இலத்திரன்களின் மின்னேற்றமே. அது சிலிக்கனுக்குள்ளே இடைவிடாது கசிகின்றது. வெப்பநிலை கூடக் கூடக் கசிவும் கூடும். ஏறக்குறைய 10 பாகை வெப்பம் உயருந்தோறும் கசிவு இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. ஆதலால், அக்காலச் சில்லுகளை ஆக்கியோர், 70 பாகைச் செல்சியசு வெப்பத்திலும் இழப்பு நேராதிருக்கும்படி, 2 மில்லிசெக்கனுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு குடமும் நிரப்பப்படுதல் வேண்டுமென விதித்தனர். ஒரு செக்கனில் ஐந்நூறு முறை என்பது அதன் பொருள்.

வாசித்தல் என்னும் செயலிலும் ஓர் இடர் உண்டு. மூடியைத் திறந்தவுடன் குடத்திலுள்ள சிறு மின்னேற்றம் அதனோடு இணைந்த நீண்ட கம்பியிற் பரவிவிடுகின்றது, குடம் வெறுமையாகின்றது. கம்பியில் தோன்றும் மிகச் சிறிய அழுத்த மாற்றத்தை உணர்ந்து, அதனைப் பெருக்கி, முழு ஒன்றாகவோ முழுப் பூச்சியமாகவோ ஆக்கும் விரியலாக்கி ஒன்று ஒவ்வொரு கம்பியின் முனையிலும் உண்டு. அவ்வாறு பெருக்கப்பட்ட அழுத்தம் திறந்திருக்கும் மூடி வழியாகவே மீண்டும் குடத்தை நிரப்பிவிடுகின்றது. வாசித்தலே அழித்தல், அழித்ததை உடனே எழுதுதலே காத்தல். செல்லரிக்கும் முன் பழைய ஏட்டைப் படித்துப் புதிய ஏட்டிற் படியெடுத்து நூல்களைக் காத்த வழக்கத்தை அறிந்தோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். படியெடுப்பவர் ஒரு தலைமுறை சோர்ந்திருந்தால் நூல் இறந்துபோகும். இங்கே தலைமுறை என்பது 2 மில்லிசெக்கன்.

இத்துணைத் தொல்லை தரும் நினைவகத்தைப் பொறியியலாளர் விரும்பியது ஏன் என நேயர்கள் வினவலாம். மின்சாரம் உள்ளவரை தானாகவே நினைவிற் கொள்ளும் நிலை நினைவகம் என்னும் வகையும் உண்டு. அதற்கு ஒரு பிற்றுக்கு ஆறு திரான்சிற்றர்கள் வேண்டும். ஒரு திரான்சிற்றரோடு அமையும் இயங்கு நினைவகமோ அதேயளவு சிலிக்கனில் ஏறக்குறைய நான்கு மடங்கு பிற்றுகளைக் கொள்ளும். சில்லின் விலையைத் தீர்மானிப்பது அதன் பரப்பேயாதலின், ஒரு பிற்றின் விலையும் அதற்கேற்பக் குறைந்தது. சிறு கணினிகளை வீட்டுக்கும் பாடசாலைக்கும் கொண்டுசெல்ல விழைந்தோர்க்கு இவ்வேறுபாடு வாழ்வா சாவா என்னும் வேறுபாடாகும்.

1970ஆம் ஆண்டு இன்ரெல் நிறுவனம் 1103 என்னும் சில்லை விற்பனைக்கு வெளியிட்டது. 1024 பிற்றுகளைக் கொண்ட அதில் ஒரு பிற்றுக்கு மூன்று திரான்சிற்றர்கள் இருந்தன. 1973இல் மொஸ்ரெக் நிறுவனம், முகவரியை இரு பாதியாகப் பிரித்து ஒரே கால்களின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறையைக் கொணர்ந்தது. அதனாற் சில்லின் கால்கள் 16ஆகக் குறைந்தன. பலகையில் அது கொள்ளும் இடமும் சுருங்கிற்று. அம்முறையைப் பின்பற்றி அந்நிறுவனம் 1976இல் வெளியிட்ட 4116 என்னும் 16,384 பிற்றுச் சில்லு, அக்காலச் சிறு கணினிகளின் பொது நினைவகமாகவே ஆயிற்று.

4116இன் உள்ளமைப்பு 128 நிரைகளும் 128 நிரல்களும் கொண்ட ஒரு கட்டத்தை ஒத்தது. முதலில் நிரையின் எண்ணும், பின்னர் நிரலின் எண்ணும் ஏழு கம்பிகள் வழியே அனுப்பப்படும். ஒரு நிரையின் எண் வந்ததும் அந்நிரையிலுள்ள 128 குடங்களின் மூடிகளும் ஒருங்கே திறக்கின்றன. 128 விரியலாக்கிகளும் ஒருங்கே அவற்றை நிரப்புகின்றன. எனவே, ஒரு பிற்றை வாசித்தால் அதன் நிரை முழுவதும் புத்துயிர் பெறுகின்றது. நிரலின் எண்ணை அனுப்பாமல் நிரையின் எண்ணை மட்டும் அனுப்பினாலும் புதுப்பித்தல் நிறைவேறும். 16,384 பிற்றுகளைக் காக்க 16,384 செயல்கள் வேண்டா. 128 செயல்கள் போதும். பலகையிலுள்ள சில்லுகள் அனைத்துக்கும் அதே நிரை எண்ணை ஒரே கணத்தில் அளிக்கலாமாதலால், சில்லுகள் எத்தனையாயினும் வேலை பெருகுவதில்லை. 2 மில்லிசெக்கனை 128ஆற் பிரித்தாற் கிடைப்பது 15.6 மைக்கிரோ செக்கன். இந்த எண்ணே வடிவமைப்பாளரின் வாழ்வை ஆண்ட எண்.

இனி, இவ்வேலை யாருடையது என்னும் வினாவுக்கு வருவோம். முதல் விடை, அதனை முறைவழியாக்கியின் கட்டளைத் தொடருக்கே விட்டுவிடுவது. 2 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை இடைமறிப்புக் குறியொன்று வரும். முறைவழியாக்கி தன் வேலையை நிறுத்திவிட்டு 128 நிரைகளிலும் ஒவ்வோர் இடத்தை வாசித்துவிட்டுத் திரும்பும். இதற்கு மேலதிகச் சுற்றுகள் அதிகம் வேண்டியதில்லை. ஆயினும், செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்புகளில் இயங்கிய அக்கால முறைவழியாக்கி ஒன்றுக்கு ஒரு வாசிப்புக்கு 4 துடிப்புகள் சென்றன. 128 வாசிப்புகளுக்கு 512 மைக்கிரோ செக்கன். தன் நேரத்தில் நான்கிலொரு பங்கை நினைவைக் காப்பதிலேயே அது செலவிட நேர்ந்தது.

நேர இழப்பினும் பெரியதோர் இடர் அதில் மறைந்திருந்தது. கட்டளைத் தொடரிற் பிழை இருந்து முறைவழியாக்கி வழிதவறினால், புதுப்பிக்கும் வேலையும் நின்றுவிடும், நினைவகம் அழியும். அவ்வாறு அழியும் நினைவகத்தினுள்ளேதான் புதுப்பிக்கும் கட்டளைகளும் இருக்குமாயின் மீள்வதற்கு வழியே இல்லை. பிழையைத் தேடும் பொறியியலாளர் முறைவழியாக்கியை நிறுத்தி நினைவகத்தைப் பார்க்க விரும்பினாலோ, நிறுத்திய மறுகணமே அவர் பார்க்க விரும்பியது கரைந்துபோகும். குற்றம் நடந்த இடத்தை ஆராய வருபவர் கதவைத் திறந்தவுடன் தடயங்கள் யாவும் மறைந்துவிடுவது போன்றது இது. ஆதலால், புதுப்பித்தலைக் கட்டளைத் தொடரிலிருந்து பிரித்து, வன்பொருட் சுற்றொன்றினிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது.

அத்தகைய சுற்றின் உறுப்புகள் நான்கு. 15.6 மைக்கிரோ செக்கனுக்கு ஒரு முறை மணியடிக்கும் நேரங்காட்டி ஒன்று; அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய நிரையின் எண்ணை நினைவிற் கொண்டு ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டும் ஏழு பிற்று எண்ணி ஒன்று; முறைவழியாக்கி தரும் நிரை எண், நிரல் எண், எண்ணி தரும் புதுப்பிப்பு எண் ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தெரிந்து சில்லுகளுக்கு அனுப்பும் தெரிவி ஒன்று; முறைவழியாக்கியும் புதுப்பிப்புச் சுற்றும் ஒரே நேரத்தில் நினைவகத்தை நாடினால் யாருக்கு முதலிடம் எனத் தீர்ப்பளிக்கும் நடுவர் சுற்று ஒன்று. முதல் மூன்றும் எளியவை. நான்காவதே வடிவமைப்பாளரின் ஆற்றலைச் சோதித்தது.

முதலில், எவ்வாறு நேரத்தைப் பங்கிடுவது என்னும் கேள்வி எழுகின்றது. 128 நிரைகளையும் ஒருசேரப் புதுப்பித்துவிட்டு 2 மில்லிசெக்கன் முடியும்வரை ஓய்ந்திருப்பது ஒரு முறை. 15.6 மைக்கிரோ செக்கனுக்கு ஒரு நிரையாகப் பரப்பிச் செய்வது மற்றொரு முறை. ஒரு செயலுக்கு அரை மைக்கிரோ செக்கன் எனக் கொண்டால், இரண்டிலும் இழக்கும் நேரம் நூற்றுக்கு மூன்றை ஒட்டியதே. எனினும், விளைவு ஒன்றன்று. ஒருசேரச் செய்யும் முறையில் முறைவழியாக்கி தொடர்ந்து 64 மைக்கிரோ செக்கன் காத்திருக்க நேரும். அக்கால எட்டங்குல நெகிழ்தட்டொன்று 32 மைக்கிரோ செக்கனுக்கு ஒரு பைற்றாகத் தரவைச் சொரியும். முறைவழியாக்கியே அப்பைற்றுகளை ஒவ்வொன்றாக ஏற்கும் அமைப்பாயின், 64 மைக்கிரோ செக்கன் அது வாளாவிருப்பதற்குள் ஒரு பைற்றேனும் தவறிப்போகும். கடனை ஒரே நாளில் இறுப்பதினும் நாள்தோறும் சிறிது சிறிதாக இறுப்பது பலருக்கு எளிதாதல் போல, பரப்பிச் செய்யும் முறையே பெரும்பாலும் விரும்பப்பட்டது.

நடுவர் சுற்றின் இடர்ப்பாடு நுட்பமானது. புதுப்பிப்பு நேரங்காட்டி தன் கடிகாரத்திலும் முறைவழியாக்கி தன் கடிகாரத்திலும் தனித்தனியே இயங்கினால், இரு வேண்டுகோள்களும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து சேரும் நேரமும் உண்டாகும். அப்போது நடுவர் சுற்று ஒன்றென்றும் பூச்சியமென்றும் கூறாது, இடைநிலையிற் சிறிது நேரம் தத்தளிக்கக் கூடும். கூரையின் முகட்டில் விழுந்த பந்து எப்பக்கம் உருள்வதெனத் தயங்குவது போன்றது அது. செயின்ற் லூயி நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேனி, மோல்னார் என்னும் இருவர் 1973ஆம் ஆண்டில் இத்தத்தளிப்பை அளந்து காட்டும்வரை, பொறியியலாளர் பலர் அத்தகைய நிலை உண்டென்பதையே நம்பவில்லை. இதனாலுண்டாகும் பிழை நாட்கணக்கிலோ கிழமைக்கணக்கிலோ ஒரு முறை மட்டுமே தோன்றும், தேடினால் அகப்படாது. இதிலிருந்து தப்புவதற்குச் சிறந்த வழி, புதுப்பித்தலை முறைவழியாக்கியின் கடிகாரத் துடிப்போடே பிணைத்துவிடுவதாகும். இருவரும் ஒரே தாளத்துக்கு நடந்தால் மோதுதற்கு இடமில்லை, நடுவருக்கும் வேலையில்லை.

அவ்வாறு பிணைப்பதற்கு, முறைவழியாக்கி நினைவகத்தைத் தொடாதிருக்கும் நேரம் எதுவென அறிதல் வேண்டும். மொட்டரோலா நிறுவனம் 1974இல் வெளியிட்ட 6800, மொஸ் ரெக்னொலொஜி நிறுவனம் 1975இல் வெளியிட்ட 6502 ஆகியவை ஒவ்வொரு துடிப்பின் பிற்பாதியில் மட்டுமே நினைவகத்தோடு தரவைப் பரிமாறின. முற்பாதி வேறெவரும் பயன்படுத்துவதற்கு உரியதாய் இருந்தது. போதிய வேகமுள்ள சில்லுகள் கிடைத்தால் அம்முற்பாதியிற் புதுப்பித்தலைச் செய்துவிடலாம். முறைவழியாக்கி அதனை அறியவும் மாட்டாது. வேகங் குறைந்த சில்லுகளை வைத்துக்கொண்டோர் 6800இன் கடிகாரத் துடிப்பை நீட்டி அந்த இடைவெளியிற் புதுப்பித்தனர். ஆனால், அதற்கும் எல்லை உண்டு. 6800இன் உட்பதிவகங்களும் மின்னேற்றத்தையே நம்பியிருந்தமையால், துடிப்பை அளவுக்கு மீறி நீட்டினால் முறைவழியாக்கி தன்னையே மறந்துவிடும்.

இவ்விடைவெளியை மிகத் திறம்படப் பயன்படுத்தியவர் ஸ்ரீவன் வொஸ்னியாக். 1977இல் வெளிவந்த அவருடைய அப்பிள் 2 கணினியில், துடிப்பின் ஒரு பாதியில் 6502உம் மறு பாதியில் திரைப்படச் சுற்றும் நினைவகத்தை வாசித்தன. திரையிற் காட்சி நிலைபெற வேண்டுமாயின் நினைவகத்தின் ஒரு பகுதியை ஓயாது வரிசையாக வாசித்தே தீரல் வேண்டும். வாசித்தலே புதுப்பித்தல் அன்றோ? திரைக்காக வாசிக்கும் முகவரிகள் 2 மில்லிசெக்கனுக்குள் நிரைகள் யாவற்றையும் தொட்டுச் செல்லுமாறு அவர் முகவரிக் கம்பிகளை ஒழுங்குசெய்தார். திரையிற் கோடு வரையப்படாத இடைவேளைகளிலும் அவ்வெண்ணிகள் ஓடிக்கொண்டே இருந்தன. புதுப்பித்தலுக்கெனத் தனிச் சுற்றொன்றும் அதில் இல்லை. அதனால் இழந்த நேரமும் இல்லை. ஒருவர் தம் அன்றாடக் கடமைக்காக நடக்கும் நடையிலேயே ஊர்க்காவலும் நிறைவேறிவிடுவதை ஒத்தது இது.

பெடரிக்கோ பஜீன் நிறுவிய சைலொக் நிறுவனம் 1976இல் வெளியிட்ட இசட் 80 மற்றொரு வழியைக் காட்டிற்று. ஒரு கட்டளையை எடுப்பதற்கு அம்முறைவழியாக்கி நான்கு துடிப்புகளைக் கொள்ளும். முதலிரண்டு துடிப்புகளிற் கட்டளை நினைவகத்திலிருந்து வந்துவிடும். அதன் பொருளை ஆராயும் அடுத்த இரண்டு துடிப்புகளில் முகவரிக் கம்பிகள் வெறுமனே இருக்கும். அந்நேரத்தில் ஏழு பிற்றுப் புதுப்பிப்பு எண்ணொன்றை அது தானே அக்கம்பிகளில் வைத்து, இது புதுப்பிக்கும் நேரமென ஒரு குறியையும் வெளியிடும். நேரங்காட்டி, எண்ணி, நடுவர் ஆகிய மூன்றும் முறைவழியாக்கியின் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டன. செக்கனுக்கு 25 இலட்சம் துடிப்புகளில் இயங்கும்போது, மிக நீண்ட கட்டளைக்கும் 23 துடிப்புகளே, அதாவது 9.2 மைக்கிரோ செக்கனே, செல்லும். ஆகவே 15.6 மைக்கிரோ செக்கன் என்னும் எல்லை எந்நாளும் மீறப்படுவதில்லை. வேலை முடிந்து நிற்குமாறு கட்டளையிட்டாலும் அது முற்றாக நில்லாமல், பயனற்ற வெற்றுக் கட்டளையைத் தனக்குத்தானே திரும்பத் திரும்ப நிறைவேற்றி நினைவகத்தைக் காக்கும். ஆக்கியோரின் முன்யோசனை இதிற் புலனாகின்றது.

ஆயினும், அம்முன்யோசனைக்கு எட்டாத இடங்களும் இருந்தன. மெதுவான சாதனமொன்று காத்திருக்குமாறு சொல்லி முறைவழியாக்கியை நெடுநேரம் நிறுத்திவைத்தால், புதுப்பித்தலும் நின்றுவிடும். வேறொரு சாதனம் கம்பிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டு தரவை நேரே நினைவகத்துக்கு ஏற்றினால், அது முடியும்வரை காவல் இல்லை. தொடக்க நிலைக்குத் திருப்பும் பொத்தானை ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்திருந்தால் 2 மில்லிசெக்கன் பலமுறை கடந்துவிடும். விரலை எடுக்கும்போது நினைவகம் பழுதுற்றிருக்கக்கூடும். இதனை அறிந்த வடிவமைப்பாளர், எத்துணை நேரம் அழுத்தினும் சில மைக்கிரோ செக்கன் நீளமுள்ள ஒரேயொரு துடிப்பாக அது சென்று சேருமாறும், அத்துடிப்பும் கட்டளை எடுக்கும் நேரத்தோடு ஒத்து வருமாறும் சிறு சுற்றொன்றைச் சேர்த்தனர். பின்னர் 65,536 பிற்றுச் சில்லுகள் வந்தபோது, அவற்றுட் சிலவற்றை 128 நிரைகளிற் புதுப்பிக்கலாமாயினும், வேறு சில 256 நிரைகளைக் கோரின. இசட் 80இன் ஏழு பிற்று எண்ணி அவற்றுக்குப் போதவில்லை. எட்டாவது பிற்றை வெளியிலே ஆக்கிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் 8088 முறைவழியாக்கியில் இத்தகைய வசதி இருக்கவில்லை. ஆதலால், பலகையில் வேறு காரணங்களுக்காக இருந்த இரு சில்லுகளை இணைத்துக் காவல் அமைத்தனர். நேரங்காட்டிச் சில்லின் ஓர் எண்ணி 15.1 மைக்கிரோ செக்கனுக்கு ஒரு முறை மணியடிக்கும்; தரவை நேரே ஏற்றியிறக்கும் சில்லு அம்மணியைக் கேட்டு நினைவகத்தில் ஓரிடத்தைப் பொய்யாக வாசிக்கும். முறைவழியாக்கியின் நேரத்தில் ஏறக்குறைய இருபதிலொரு பங்கு இதற்குச் செலவாயிற்று. ஆனால், மணியடிக்கும் இடைவெளியை எந்தக் கட்டளைத் தொடரும் மாற்றிவிடக்கூடியதாயிருந்தது. சிறிது வேகத்தை விரும்பிய சிலர் அவ்விடைவெளியை நீட்டினர். குளிர்ந்த அறையிற் கசிவு குறைவாதலின் பெரும்பாலும் கேடொன்றும் தோன்றவில்லை. அதனாலேயே அவர்கள் அது தகுமென எண்ணினர். வெயிற் காலத்தில், மூடிய பெட்டியுள், நெடுநேரம் இயங்கிய பின்னரே அத்துணிவின் விலை தெரியவரும்.

இவ்வுண்மை வடிவமைப்பாளர் யாவர்க்கும் பொதுவானது. புதுப்பிப்புச் சுற்றிற் குறையிருந்தாலும் பொறி பட்டறை மேசையில் ஒழுங்காக இயங்கிவிடலாம். அறைவெப்பத்தில் பல குடங்கள் 2 மில்லிசெக்கனுக்குப் பதிலாகச் சில செக்கன்கள்வரைகூடத் தாங்குவன. 2008ஆம் ஆண்டிற் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் நினைவகச் சில்லுகள் செக்கன் கணக்கில் தம் உள்ளடக்கத்தை வைத்திருப்பதையும், குளிரூட்டினால் நிமிடக் கணக்கில் வைத்திருப்பதையும் செய்துகாட்டினர். எனவே, இன்று பிழை தோன்றவில்லை என்பது வடிவம் சரியானது என்பதற்குச் சான்றாகாது. மிக வெப்பமான நாளையும் மிகப் பலவீனமான குடத்தையும் கருத்திற் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

புதுப்பிப்பாற் காக்க முடியாத இடர்களும் உள. ஒரு நிரை திறக்கும் கணத்தில் 4116 திடீரென மின்னோட்டத்தை இழுக்கும். பலகை முழுவதுமுள்ள சில்லுகள் ஒருங்கே இழுத்தால் மின்னழுத்தம் தளம்பும். அதனைத் தாங்கச் சில்லுதோறும் அருகிலே ஒரு கொள்ளளவியை வைப்பது கட்டாயமாயிற்று. 1978ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்தின் மே, வூட்ஸ் என்னும் இருவர், சில்லின் உறையிற் சிறிதளவு கலந்திருந்த யூரேனியம், தோரியம் ஆகியவற்றினின்று வெளிப்படும் அல்பாத் துணிக்கைகள் குடத்திலுள்ளதை மாற்றிவிடுவதைக் கண்டறிந்தனர். அவ்வாறு ஒன்று பூச்சியமாகிவிட்டால், புதுப்பிப்புச் சுற்று அப்பூச்சியத்தையே உண்மையெனக் கொண்டு செக்கனுக்கு ஐந்நூறு முறை உறுதிப்படுத்தும். படியெடுப்பவர் மூலத்திலுள்ள பிழையையும் பிசகாது படியெடுப்பார். ஆகவே பிழையை அறிவதற்கு எட்டுப் பிற்றுக்கு ஒன்பதாவது பிற்றொன்றைச் சாட்சியாகச் சேர்க்கும் வழக்கம் ஐ.பி.எம். தனியாள் கணினியிலும் கைக்கொள்ளப்பட்டது.

காலப்போக்கில் நிரை எண்ணி சில்லுகளுக்கு உள்ளேயே குடிபுகுந்தது. இப்போது வெளியிலிருந்து புதுப்பி என்னும் கட்டளை மட்டும் போதும். எந்த நிரை என்பதைச் சில்லே அறியும். முறைவழியாக்கி உறங்கும்போது சில்லு தன் நேரங்காட்டியாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. 64 மில்லிசெக்கனுக்குள் 8192 கட்டளைகள், அதாவது 7.8 மைக்கிரோ செக்கனுக்கு ஒன்று என்னும் கணக்கு நெடுங்காலம் நிலவியது. அண்மைய தலைமுறைச் சில்லுகளில் அக்காலம் 32 மில்லிசெக்கனாகக் குறைந்துள்ளது. குடங்கள் சிறுத்து நெருங்கியமையாற் புதிய இடரொன்றும் தோன்றியது. ஒரு நிரையை மிகப் பலமுறை திறந்து மூடினால் அயல் நிரையின் மின்னேற்றம் விரைந்து கசியும் என்பது 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றால் உலகறிந்த செய்தியாயிற்று. காவலின் தேவை குறையவில்லை; கூடியே வந்திருக்கின்றது.

இவ்வரலாற்றிலிருந்து தெளியும் உண்மை ஒன்று உண்டு. ஒரு கணமும் தவறலாகாத கடமையை, நிறுத்தப்படக்கூடிய ஒருவரிடம் முழுவதும் ஒப்படைத்தல் தகாது. கட்டளைத் தொடரிடம் ஒப்படைத்தபோது அது வழிதவறினால் யாவும் அழிந்தன. முறைவழியாக்கியிடம் ஒப்படைத்தபோது பொத்தானை அழுத்திய விரலொன்று அழிவுக்குப் போதியதாயிற்று. இறுதியில், காக்கப்பட வேண்டிய நினைவகத்தின் உள்ளேயே காவலும் சென்று அமைந்தது. கணினியின் முன் அமர்ந்து கடிதம் எழுதும் மாணவனோ கணக்குப் பார்க்கும் எழுதுவினைஞரோ இக்காவலை ஒருநாளும் காண்பதில்லை. அவர்கள் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் அவர்கள் அடுத்த எழுத்தை எண்ணிப் பார்ப்பதற்குள் பலமுறை வாசிக்கப்பட்டுப் பலமுறை எழுதப்பட்டிருக்கும்.